எக்கோ அறைக் கேள்வி–பதில்: கையை இறுக்கச் சொல்லி எக்கோ எடுப்பது ஏன்?

(பதில் தருபவர்: கோவையில் இதய எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் ஸ்கேன், எடுக்கும் மூத்த டெக்னீசியன்)

கேள்வி: எனக்கு 61 வயசு. ரொம்ப வருஷமா பிபி மாத்திரை போடுறேன். எக்கோவுல பம்பிங் 62 சதவீதம், நார்மல்னு எழுதியிருக்கு. ஆனா தண்ணிக் குடத்தை இடுப்புல வெச்சுக்கிட்டு நாலு எட்டு வெச்சாலோ, கிரைண்டர் கல்லைத் தூக்கினாலோ மூச்சு வாங்குது. சும்மா நடந்தா அவ்வளவு இல்லை. வேற டாக்டர்கிட்ட போனப்ப மறுபடி எக்கோ எழுதிக் கொடுத்தார். அங்கே கையில ஒரு கைப்பிடியைக் கொடுத்து, மூணு நிமிஷம் இறுக்கிப் பிடிக்கச் சொல்லிக்கிட்டே படம் எடுத்தாங்க. கைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: அம்மா, "நடந்தா அவ்வளவு இல்லை, தூக்கினா மூச்சு வாங்குது" என்று எழுதியிருக்கிறீர்களே, டாக்டருக்கு வேண்டிய தகவல் அந்த ஒரு வரியில் இருக்கிறது. இதைச் சொல்லாமல் "அப்பப்ப மூச்சு வாங்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு வருபவர்கள்தான் அதிகம்.

நடக்கும்போது கால் தசை சுருங்கும், விரியும், மறுபடி சுருங்கும். தசைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அகலமாகத் திறந்து கொடுக்கும். அதனால் மேல் பிபி ஏறினாலும் கீழ் பிபி பெரிதாக ஏறாது, சிலருக்குக் கொஞ்சம் இறங்கவும் செய்யும். குடத்தை இடுக்கிக்கொண்டு நிற்கும்போது கதையே வேறு. தசையின் நீளம் மாறுவதில்லை, இறுகினது இறுகினபடியே நிற்கிறது. உள்ளே ஓடும் குழாய்கள் நசுங்குகின்றன. தசை ரத்தம் கேட்டுத் தவிக்கிறது, அந்தச் சேதி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. நாடி கூடுகிறது, மேல் பிபி, கீழ் பிபி இரண்டும் சேர்ந்து ஏறுகின்றன. ஐசோமெட்ரிக் உடற்பயிற்சி என்பது இதுதான். இவ்வளவுக்கும் வேலை செய்வது ஒரு கை அளவு தசைதான். ஆனால் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் அந்த ஏறின பிபியை எதிர்த்துத் தள்ளியாக வேண்டும்.

நீங்கள் பிடித்த கைப்பிடிக்கு டைனமோமீட்டர் என்று பெயர். முதலில் முழு பலத்தோடு ஒரு தடவை இறுக்கச் சொல்வோம். முள் 20 கிலோவைத் தொட்டது என்று வையுங்கள். அதில் 30 சதவீதம், அதாவது 6 கிலோவில் முள்ளை நிறுத்தி மூன்று நிமிஷம் பிடிக்க வேண்டும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கைப்பிடியை ஒரு கையிலும் பிபி பட்டையை மறு கையிலும் கொடுப்போம். முதல் நிமிஷத்தில் "இவ்வளவுதானா?" என்பார்கள். இரண்டாவது நிமிஷம் பாதி போவதற்குள் முழங்கை நடுங்க ஆரம்பிக்கும், முள் நாலுக்கு இறங்கும். "ஆறுக்குக் கீழ விடாதீங்கம்மா, இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லிக்கொண்டே ஒரு கண்ணைத் திரையிலும் ஒரு கண்ணை முள்ளிலும் வைத்திருப்போம். மூன்றாவது நிமிஷத்தில் எடுக்கும் படம்தான் முக்கியம். கையை விட்ட கொஞ்ச நேரத்திலேயே பிபி இறங்கிவிடும், அப்புறம் எடுத்துப் பிரயோஜனம் இல்லை.

அந்த மூன்று நிமிஷமும் மூச்சை அடக்கக் கூடாது. மூச்சை அடக்கி முக்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைந்து, அளவுகள் எல்லாம் தாறுமாறாகிவிடும். அதனால் "காலையில என்ன சமைச்சீங்க?" என்று ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பேன். பேசுகிறவருக்கு மூச்சு அடைபடாது. படத்தைப் பதியும் இரண்டு மூன்று துடிப்புக்கு மட்டும் பேச்சை நிறுத்தச் சொல்வேன்.

இனி திரையில் என்ன பார்க்கிறோம் என்பது. பம்பிங் 62 சதவீதம் என்றால், கீழறையில் நிறைந்த ரத்தத்தில் அந்தப் பங்கு ஒரு துடிப்பில் வெளியே போகிறது என்று அர்த்தம். நல்ல அளவுதான். ஆனால் அது சுருங்குவதைப் பற்றிய கணக்கு. இதயம் விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ள வேண்டாமா? பல வருஷம் பிபி இருந்தவர்களுக்கு, அதிலும் வயதான பெண்களுக்கு, சர்க்கரையும் உடல் பருமனும் சேர்ந்திருந்தால், கீழறையின் சுவர் விறைத்துப்போய் விரிவது மந்தப்படுகிறது. படுத்து ஓய்வாக இருக்கும்போது சமாளித்துவிடும். பிபி ஏறின உடனே சமாளிக்க முடியாமல் உள் அழுத்தம் கூடி, அது பின்னோக்கி நுரையீரல் வரைக்கும் போகும். உங்களுக்கு மூச்சு வாங்குவது இதனால் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டுத்தான் டாக்டர் அந்தச் சோதனையை எழுதியிருக்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் ஈ/ஈ-பிரைம் என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். மைட்ரல் வால்வு (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள கதவு) வழியாக ரத்தம் உள்ளே பாயும் வேகத்தை, அந்த வால்வைச் சுற்றியுள்ள தசை விரியும் வேகத்தால் வகுத்து வரும் எண் அது. சராசரி 8-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 14-ஐத் தாண்டினால் உள் அழுத்தம் கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். ஓய்வில் 10 இருந்து, கையை இறுக்கும்போது 16 ஆகிறது என்றால், வெறும் படுக்கை எக்கோவில் அது ஒருநாளும் தெரிந்திருக்காது. ஆரோக்கியமான இதயத்தில் இந்த எண் பெரிதாக நகராது. பம்பிங்கும் அப்படியே நிற்கும், அல்லது சற்றே இறங்கும்.

வால்வுக் கசிவும் இப்படித்தான். எதிரே பிபி ஏறும்போது மைட்ரல் கசிவு பெருகுவதைக் ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரில் கண்ணாலேயே பார்க்கலாம். ஓய்வில் "லேசான கசிவு" என்று எழுதப்பட்டது, கை இறுகும்போது மிதமானதாக மாறலாம். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக்கொண்டு "கையை இறுக்கி மூடுங்க" என்று சொல்லும் டாக்டர்களைப் பார்த்திருப்பீர்கள். மைட்ரல் கசிவின் சத்தம் அப்போது உரக்கக் கேட்கும். இதயத் தசை தடித்து ரத்தம் வெளியேறும் வழியை அடைக்கும் நோயில் சத்தம் மங்கும். அந்தப் பழைய வழியைத்தான் இன்று படத்தோடு சேர்த்துச் செய்கிறோம்.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது இரண்டு எக்கோ ரிப்போர்ட்டையும் சேர்த்துக் கொண்டு போங்கள். "நார்மல்னு போட்டிருக்கே, நமக்கெதுக்கு" என்று பழையதை வீட்டில் வைத்துவிடாதீர்கள்.

கேள்வி: டிரெட்மில் டெஸ்ட்தான் இருக்கிறதே, இது எதற்குத் தனியாக? இதைச் செய்துகொண்டால் ஆஞ்சியோ வேண்டியதில்லையா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ரத்தக்குழாய் அடைப்பைக் கண்டுபிடிக்கக் கை இறுக்கும் சோதனை மட்டும் போதவே போதாது. இதயத்துக்கு அந்த அளவு பளு இதில் ஏறுவதில்லை. இது நார்மல் என்பதற்காக ஆஞ்சியோவைத் தள்ளிப்போடாதீர்கள்.

டிரெட்மில்லில் ஓடும்போது புரோபை (படம் எடுக்க நெஞ்சில் வைக்கும் கருவியை) நெஞ்சில் வைக்க முடியாது. இறங்கி, ஓடி வந்து படுத்து, ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷத்துக்குள் படங்களை எடுத்து முடிக்க வேண்டும். அவர் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார், நுரையீரல் குறுக்கே வந்து படத்தை மறைக்கும். கையை இறுக்கும்போது உடம்பு அசைவதில்லை, முதல் விநாடியிலிருந்து கடைசி விநாடி வரை பார்த்துக்கொண்டே இருக்கலாம். மூட்டு வலியால் நடக்க முடியாதவர்களுக்கும் செய்யலாம். எல்லோருக்கும் பொருந்துமா என்றால், இல்லை. பிபி கட்டுக்கடங்காமல் இருப்பவர்கள், மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) வீங்கியிருப்பவர்கள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், அந்த மகாதமனிக்குப் போகும் வாசலில் உள்ள அயோர்டிக் வால்வு ரொம்பவும் சுருங்கியிருப்பவர்கள் ஆகியோருக்கு டாக்டர் பார்த்து முடிவு செய்யாமல் செய்யக் கூடாது.

கேள்வி: பல வருஷமாக சர்க்கரை இருக்கிறது. கையை இறுக்கிப் பிடித்தபோது என் பிபி ஏறவே இல்லையாம். பிபி ஏறாதது நல்லதுதானே? டாக்டர் ஏன் முகத்தைச் சுளித்தார்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்கள் சந்தோஷத்தைக் குறைக்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது ஐயா, ஆனால் இந்தச் சோதனையில் பிபி ஏறத்தான் வேண்டும்.

1937-ல் கெய்ரோவில் ஆலம், ஸ்மர்க் என்ற இருவர் செய்த சோதனை ஒன்று உண்டு. தசைக்கு வேலை கொடுத்துக்கொண்டே, அதற்குப் போகும் ரத்தத்தைப் பட்டை கட்டி நிறுத்தினார்கள். வேலையை நிறுத்திய பிறகும் பிபி இறங்கவில்லை. பட்டையை அவிழ்த்த பிறகுதான் இறங்கியது. தசைக்குள் தேங்கிய கழிவுகள்தான் நரம்பைத் தூண்டி பிபியை ஏற்றுகின்றன என்று அதிலிருந்து விளங்கியது. ஆக, பிபி ஏறுவதற்கு நரம்புகள் ஒழுங்காக இருக்க வேண்டும். நெடுநாள் சர்க்கரை, நம் கட்டுப்பாட்டில் இல்லாத தானியங்கி நரம்புகளை அரிக்கிறது. பிற்பாடு எடின்பரோவில் யூயிங் குழுவினர் வகுத்த சோதனைகளில் கையை இறுக்குவதும் ஒன்று. கீழ் பிபி 16 புள்ளியாவது ஏறினால் சரி. 10 அல்லது அதற்குக் கீழே என்றால் நரம்பில் கோளாறு இருக்கலாம். இடைப்பட்டது சந்தேகக் கேஸ்.

இதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம். கையைச் சரியாக இறுக்காவிட்டாலும், சில பிபி மாத்திரைகளாலும், ஏற்கெனவே பிபி அதிகமாக இருந்தாலும் ஏற்றம் குறைவாகத் தெரியும். ஆழமாக மூச்சு விடும்போது நாடி எப்படி மாறுகிறது, படுத்து எழுந்து நின்றால் பிபி எவ்வளவு இறங்குகிறது, இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். எழுந்தால் கண் இருட்டுகிறதா? இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த நரம்புகள் கெட்டவர்களுக்கு மாரடைப்பே நெஞ்சுவலி இல்லாமல் வரக்கூடும். டாக்டரின் முகம் மாறினது அதனால்தான்.

கேள்வி: ஜிம் போகிறேன், வயது 26. பிளாங்க் (முழங்கையையும் கால்விரலையும் தரையில் ஊன்றி உடம்பை நேராகப் பிடிப்பது) போட்டால் பிபி குறையும் என்கிறார்கள். நீங்களோ இறுக்கினால் பிபி ஏறும் என்கிறீர்கள். எது சரி? பிபி உள்ள என் அப்பாவும் செய்யலாமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: இரண்டும் சரிதான் தம்பி. செய்யும்போது ஏறும். வாரக்கணக்கில் தொடர்ந்து செய்தால், ஓய்வில் இருக்கும் பிபி இறங்கும்.

2023-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசினில் வந்த ஓர் அலசலில் 270 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். எல்லா வகை உடற்பயிற்சியும் பிபியைக் குறைத்தது. அதிகம் குறைத்தது ஐசோமெட்ரிக் வகைதான், மேல் பிபி சுமார் 8, கீழ் பிபி 4 புள்ளி. அதிலும் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் உட்கார்ந்தபடி நிற்கும் வால் ஸ்குவாட் முன்னால் நின்றது. இங்கிலாந்தின் கான்டர்பரியில் உள்ள அந்த ஆய்வாளர்களில் சிலர், வால் ஸ்குவாட் நிலையில் நிற்பவர்களுக்கே எக்கோ எடுத்துப் பார்த்தவர்கள். படுத்திருப்பவருக்குப் படம் எடுக்கவே சில நாள் திணறுகிற எனக்கு, தொடை நடுங்க நிற்பவரின் நெஞ்சில் புரோபை நிலையாகப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று தெரியும். மெச்சத்தான் வேண்டும்.

வழக்கமான முறை இது: இரண்டு நிமிஷம் பிடிப்பு, நடுவில் ஒன்றிலிருந்து நான்கு நிமிஷம் ஓய்வு. இப்படி நான்கு தடவை, வாரத்தில் மூன்று நாள்.

எனக்குப் பயம் எல்லாம் மூச்சை அடக்குவதில்தான். 1985-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், பாடி பில்டர்களின் கைத் தமனிக்குள்ளேயே குழாய் விட்டு, கனமான லெக் பிரஸ் (காலால் பளுவைத் தள்ளும் பயிற்சி) செய்யும்போது பிபியை அளந்தார்கள். சராசரியே 320/250. ஒருவருக்கு 480/350 வரை போனது. கனமும் மூச்சடக்குவதும் சேர்ந்தால் அப்படி. இளம் வயதில், நல்ல குழாய்களோடு தாங்கிவிட்டார்கள். உன் அப்பா வயதில் அதைப் பரீட்சித்துப் பார்க்கக் கூடாது.

அதனால் அப்பாவுக்கு முதலில் பிபி கட்டுக்குள் வரட்டும், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பிறகு சுவரோரமாக, முழங்காலைக் கொஞ்சமாக மடக்கி ஆரம்பிக்கட்டும். மடக்கம் கூடக் கூடச் சுமை கூடும். பக்கத்தில் நின்று அவரைப் பேச வை. பேச்சு தடைப்பட்டால், மூச்சை அடக்குகிறார் என்று அர்த்தம், நிறுத்திவிடு. மாத்திரையை நிறுத்துவதோ குறைப்பதோ டாக்டர் சொன்னால் மட்டும்.

கேள்வி: கல்லூரி போகும் என் மகளுக்கு எக்கோ எழுதியிருக்கிறார்கள். கதிர்வீச்சு ஏதும் உண்டா? ஆண் டெக்னீசியன் எடுத்தால் என்ன செய்வது?
– ஒரு தாய், திருப்பூர்

பதில்: கதிர்வீச்சே கிடையாது. காதுக்குக் கேட்காத ஒலி அலைகள்தான். 1953-ல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லர், ஹெர்ட்ஸ் என்ற இருவர் முதன்முதலில் இதயத்தை இப்படிப் பதிவு செய்தபோது அவர்கள் கையில் இருந்தது, உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலையால் பார்க்கும் தொழிற்சாலைக் கருவி. கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுப்பதும் இதே முறையில்தான்.

பெண் டெக்னீசியன் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை, தயங்காதீர்கள். தேதி வாங்கும்போதே சொல்லிவிட்டால் அதற்கேற்ப நேரம் தருவார்கள். அன்றைக்குப் பெண் யாரும் இல்லையென்றால், ஒரு நர்ஸோ நீங்களோ உள்ளே இருக்கலாம். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையும் ஒரு துப்பட்டாவும் போட்டு வரட்டும். புரோப் வைக்கும் இடம் தவிர மற்றதை மூடியே வைக்கலாம். ஜெல் கொஞ்சம் சில்லென்று இருக்கும், அதை முன்னாலேயே சொல்லி வையுங்கள். கையை இறுக்கச் சொன்னால் இன்னும் பத்து நிமிஷம் போல் கூடும். அவ்வளவுதான்.