சித்திரை வெயிலும் வைசூரியும்

அன்புள்ள ஐயா,

பங்குனி, சித்திரையில் வெயில் ஏறினால் அம்மை வரும் என்பார் அம்மம்மா. வைகாசியில் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி பாடுவதும் அந்தச் சூடு தணியத்தானாம். வைசூரியும் (பெரியம்மை) வெயில் நோய்தானா? வெயில் குறையவில்லையே, அது மட்டும் எப்படி ஒழிந்தது?

க., உப்புவெளி, திருகோணமலை

அன்புள்ள க.,

அம்மம்மா மாதத்தைச் சரியாகத்தான் கவனித்திருக்கிறார். வட இந்தியாவிலும் வங்காளத்திலும் வைசூரி தையில் ஏறத் தொடங்கும், பங்குனி, சித்திரையில் உச்சம் தொடும், மழை இறங்கியதும் சரியும். ஆனால் சூடு அதை வளர்க்கவில்லை. அந்த வைரஸ் வறண்ட, குளிர்ந்த காற்றில்தான் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும். வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் விரைவில் அழியும். வறண்ட மாதங்களில் பாதைகளும் காய்ந்திருக்கும். கலியாணம், திருவிழா, கூலிவேலை என்று சனம் ஊர் ஊராகப் போகும், நோயும் கூடப் போகும்.

பகல் நீளத்துக்கு இதில் பங்கு தேட வேண்டாம். திருகோணமலையில் ஆனியின் நீண்ட பகலுக்கும் மார்கழியின் குறுகிய பகலுக்கும் வித்தியாசமே ஏறக்குறைய 1 மணித்தியாலம்தான். மழையும் நமக்கு ஐப்பசி முதல் மார்கழி வரை, வங்காளத்துக்கு ஆனி முதல் புரட்டாதி வரை. அவர்களுடைய நோய்க் காலத்தை நமது மாதங்களில் அப்படியே பொருத்த முடியாது.

வைசூரியை ஒழித்தவர்கள் இந்தப் பருவ ஏற்ற இறக்கத்தையே பயன்படுத்தினார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பெறுமதியாகத் தெரிவது இதுதான். வைசூரி மனிதரில் மட்டுமே வாழும். தொற்றிச் சுமார் 12 நாளில் காய்ச்சல், பிறகு கொப்புளம். பெரும்பாலும் கொப்புளம் கண்ட பிறகே மற்றவருக்குத் தொற்றும். மழை முடியும் வேளையில் அது சில ஊர்களில் மட்டும் ஒதுங்கிக் கிடக்கும். அந்தத் தொற்றுச் சங்கிலிகளை அப்போதே அறுத்தால் அடுத்த பங்குனிக்கு விதை இராது. எனவே 1973 ஒக்டோபரில் உத்தரப் பிரதேசம், பீகார், மத்தியப் பிரதேசம், மேற்கு வங்கம் ஆகியவற்றில் வீடு வீடாகத் தேடத் தொடங்கினார்கள்.

முதல் முயற்சி போதவில்லை. 1974 கோடையில் பீகாரில் நோய் வெடித்தது. அந்த ஆண்டு இந்தியாவில் பதிவானோர் சுமார் 1,88,000 பேர். தேடிக் கண்டுபிடித்தது நடந்தது, நோய் பரவாமல் கட்டிவைப்பதில்தான் ஓட்டை. பகலில் வயலுக்குப் போனவர்கள் ஊசிக்கு அகப்படவில்லை. நோயாளியைப் பார்க்க வந்த உறவினர் நோயோடு திரும்பினார்கள். அதன்பின் நோயாளி வீட்டு வாசலில் இரவு பகலாகக் காவல் போட்டார்கள், வருபவர் எல்லோருக்கும் அங்கேயே ஊசி குத்தினார்கள், தகவல் தருபவருக்குப் பணம் கொடுத்தார்கள். இந்தியாவின் கடைசி நோயாளி 1975 மேயில். இயற்கையாகத் தொற்றிய உலகின் கடைசி நோயாளி, 1977 ஒக்டோபரில் சோமாலியாவின் மெர்கா நகரில் அலி மாவோ மாலின். 1980 மே 8இல் உலக சுகாதாரப் பேரவை ஒழிப்பை அறிவித்தது.

வெயில் உண்மையில் கெடுத்தது அம்மைப்பால் எனும் தடுப்பு மருந்தைத்தான். திரவ அம்மைப்பால் வெக்கையில் சில நாளில் வலுவிழக்கும். உறையவைத்து உலர்த்திய தூள் 37 பாகை வெப்பத்திலும் ஒரு மாதம் தாங்கியது. கரைத்ததை அன்றைக்கே முடிக்க வேண்டியிருந்தது. இரு முனை ஊசியைத் தோய்த்தால் முனைகளுக்கு நடுவே ஒரு துளி நிற்கும். மேற்கையில், தோலுக்குச் செங்குத்தாக, 15 தரம் விரைவாகக் குத்தினார்கள். இரத்தம் இலேசாகத் துளிர்த்தால் ஆழம் சரி. தோலில் ஸ்பிரிட் பூசிக் காயுமுன் குத்தினால் மருந்து செத்துவிடும். ஒரு வாரம் கழித்துக் கொப்புளம் இல்லையென்றால் மறுபடி குத்துவார்கள்.

இன்று உங்கள் பக்கம் வெயிலோடு வருவது கொப்புளிப்பான் (சின்னம்மை). அது வேறு வைரஸ். கொப்புளம் தெரிவதற்கு 1, 2 நாள் முன்பே தொற்றத் தொடங்கும், குணமானபின் நரம்புக்குள் ஒளிந்தும் இருக்கும். அதனால்தான் வைசூரியைப் போல வாசலில் காவல் போட்டு அறுக்க முடியாது. எல்லாக் கொப்புளமும் பொருக்காகும் வரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள், கர்ப்பிணிகளை அருகே விடாதீர்கள், காய்ச்சலுக்கு அஸ்பிரின் கொடுக்கவே வேண்டாம். வேப்பிலை கட்டுவதில் குறையில்லை. தடுப்பூசி இரண்டு தரம் போட வேண்டும், மருத்துவரிடம் கேளுங்கள்.