விண்டோஸ் 11-இல் தமிழோடு ஜப்பானியமும் தட்டச்சு செய்வது எப்படி?

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வேலைக்காக ஜப்பானியம் படிக்கிறீர்கள்; மொழியைச் சேர்த்த பிறகும் ஆங்கிலமே விழுகிறது என்கிறீர்கள். பணிப்பட்டையின் வலது மூலையைப் பாருங்கள், ஆங்கில 'ஏ' நிற்கும். அதைச் சொடுக்கினால் ஜப்பானியத்தின் அடிப்படை ஒலியெழுத்தான ஹிரகானாவுக்கு மாறும். ஆல்ட் விசையோடு, எண் 1-க்கு இடப்பக்கம் உள்ள விசையை அழுத்தினாலும் போதும்.

இனிமேல்தான் சேர்க்கப்போகிறவர்கள், அமைப்புகளில் 'நேரமும் மொழியும்' பகுதிக்குப் போய் ஜப்பானியத்தைச் சேருங்கள். 'காட்சி மொழியாக்கு' கட்டத்தில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மெனு முழுக்க ஜப்பானியமாகிவிடும். தமிழ் அஞ்சலுக்கும் (ஆங்கில எழுத்துகளால் தமிழ் தட்டும் விசைப்பலகை) ஜப்பானியத்துக்கும் இடையே மாற, விண்டோஸ் விசையும் ஸ்பேஸும்.

அஞ்சலில் தட்டிப் பழகிய கைக்கு ரோமாஜி, அதாவது ஜப்பானிய ஒலிகளை ஆங்கில எழுத்துகளில் தட்டுவது, சுலபம். பலர் சிக்குவது 'ன்' ஒலியில்தான். வணக்கம் என்று பொருள்படும் 'கொன்னிச்சிவா'வுக்கு ஆங்கில 'என்' எழுத்தை மூன்று முறை தட்டவேண்டும். இரண்டோடு நிறுத்தினால் 'கொன்இச்சி' என்று விழும். கடைசி 'வா'வுக்கு எச், ஏ. பிறகு ஸ்பேஸ் தட்டினால் கான்ஜி (சீன வழி எழுத்துகள்), எஃப்7 தட்டினால் கத்தகானா (பிறமொழிச் சொற்களுக்கான ஒலியெழுத்து). என்டர் தட்டினால் உறுதியாகும்.

ஷிஃப்ட்டோடு 2 தட்டும்போது '@' வராமல் மேற்கோள்குறி விழுகிறதா? ஜப்பானிய மொழி விருப்பங்களில் வன்பொருள் விசைப்பலகையை 101/102 விசை ஆங்கிலத்துக்கு மாற்றி, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.