சீமெந்துப் பாலில் ‘கெமிக்கல்’ கலந்தால் மண் இறுகுமா?

கேள்வி: கல்லடியில் எங்கள் வீட்டின் ஒரு மூலை இறங்கி, சுவர் வெடித்துவிட்டது. நிலத்துக்குள் சீமெந்துப் பால் ஏற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கெமிக்கல் கலந்தால்தான் மண் இறுகுமாம். அதற்குத் தனிக் காசு. கிணற்றுத் தண்ணீர் உவர். அதைப் பாவிக்கலாமா?

பதில்: முதலில் அந்தக் கெமிக்கல் கானில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். லேபல் கிழித்த கான் என்றால் ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பெரும்பாலும் அது சுப்பர் பிளாஸ்ரிசைசராக இருக்கும். தண்ணீரைக் கூட்டாமலே பாலை இளக்கும், சீமெந்துக் கட்டியைக் கலைக்கும். ஆனால் சீமெந்துத் துகளைச் சிறிதாக்காது. நம் கடற்கரையின் பொடிமணலுக்குள் சாதாரண சீமெந்து நுழையாது. மாவு அரிதட்டில் நிற்பதுபோல் குழாய் வாயிலேயே நின்றுவிடும். தண்ணீர் மட்டும் உள்ளே போகும். “இத்தனை பை இறங்கியது” என்று பில் மட்டும் வரும். அமுக்கத்தைக் கூட்டினால் மண் பிளந்து, பால் பக்கத்து வளவுக்கும் போகலாம்.

உவர்த் தண்ணீர் வேண்டாம், பெண்டனைற் போடுவதானால் அறவே வேண்டாம். சீமெந்து அடியில் படியாமல் தாங்குவதற்குத்தான் அந்தக் களிமண் தூளைச் சேர்க்கிறோம். 50 கிலோ பைக்கு 1 முதல் 2 கிலோ போதும், கூடினால் பலம் குறையும். அது நல்ல தண்ணீரில்தான் ஊதும், உவரில் திரிதிரியாய் அடியில் போய்விடும். சீமெந்தோடு சேர்த்துக் கொட்டினாலும் சரியாக ஊதாது. முதல் நாளே குழாய்த் தண்ணீரில் ஊறப்போட்டு, அதன்பின் சீமெந்தைச் சேர்க்க வேண்டும். ஊறப்போடப் பொறுமை உள்ள கொந்தராத்துக்காரர் மிகக் குறைவு.

நீங்களே பார்க்கலாம். கலந்த பாலை ஒரு நேரான கண்ணாடிப் போத்தலில் 20 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஊற்றி, 2 மணி நேரம் ஆடாமல் வையுங்கள். மேலே 1 சென்ரிமீற்றருக்கு மேல் தெளிநீர் நின்றால் அந்தக் கலவை வேண்டாம்.

‘உடனே இறுகும் தூள்’ என்று கல்சியம் குளோரைட்டைத் தலையில் கட்டுவார்கள். அத்திவாரக் கம்பிக்கு அது துரு.

வரைபடத்துக்கு சீல் குத்தும்போது மதில் எத்தனை அடி என்று அளக்க ஆள் வரும், அடியில் என்ன மண் என்று கேட்க ஒருவரும் வரமாட்டார். ஆகவே காசு கொடுக்குமுன் அத்திவாரத்திலிருந்து விலகி ஒரு குழி தோண்டிப் பாருங்கள். கல்லும் இடிபாடும் போட்டு நிரப்பிய நிலம் என்றால் பால் ஏற்றுவதில் பயன் உண்டு. பொடிமணலோ உக்கல் குப்பையோ என்றால் இந்த ஆளை விட்டு, மண் பரிசோதனைக்கு ஒரு பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.