‘கண்ணுக்குக் கண்’ யாருக்கு? மெசபடோமியச் சட்டங்கள் - கேள்வி பதில்

கேள்வி: உலகின் முதல் சட்டம் ஹமுராபியுடையதுதானே?

‘முதல்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ஹமுராபி இன்றைய ஈராக்கில் இருந்த பாபிலோனை ஆண்டது கி.மு. 1792 முதல் 1750 வரை. அதற்குச் சுமார் முந்நூறு ஆண்டுகள் முன்பே உர் நகரத்து அரசன் உர்-நம்மு பெயரில் சட்டம் உண்டு. அதில் ஒருவன் எலும்பை முறித்தால் ஒரு மினா வெள்ளி, அதாவது சுமார் அரைக் கிலோ, அபராதம். கண்ணுக்குக் கண் பிறகு, ஹமுராபி சட்டத்தில் வந்தது. அதுவும் ‘அவீலும்’ என்ற மேல்குடிக்குத்தான். சாமானியனான ‘முஷ்கேனும்’ கண்ணை இழந்தால் ஒரு மினா வெள்ளி. அடிமை இழந்தால் அவன் விலையில் பாதி.

கேள்வி: வீடு இடிந்தால் கொத்தனாருக்கு மரண தண்டனையா?

வீட்டுக்காரர் செத்தால் ஆமாம், ஹமுராபியின் 229ஆம் விதி. அடுத்த விதிதான் என்னைக் கலங்க வைப்பது: வீட்டுக்காரரின் மகன் செத்தால் கொத்தனாரின் மகனைக் கொல்ல வேண்டும். அந்தப் பையன் ஒரு செங்கல்லைக்கூடத் தொட்டிருக்க மாட்டான்.

கேள்வி: உண்மையில் நடந்த வழக்கு ஏதாவது கிடைத்திருக்கிறதா?

நிப்பூர் நகரத்துக் கொலை வழக்கு. ஹமுராபிக்கும் முந்தையது. லூ-இனான்னா என்ற பூசாரியை மூன்று பேர் கொன்றார்கள். ஒருவன் நாவிதன், ஒருவன் அடிமை. கொன்றபின் செத்தவனின் மனைவி நின்-தடாவிடம் போய்ச் சொன்னார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. இசின் நகரத்து அரசன் உர்-நினுர்தா வழக்கை நிப்பூர் சபைக்கு அனுப்பினான். சபையில் பேசியவர்களில் குயவர் உண்டு, பறவை பிடிப்பவர் உண்டு. மூவரோடு அவளையும் செத்தவனின் நாற்காலி முன்னால் கொல்ல வேண்டும் என்றார்கள். இரண்டு பேர் எழுந்து, ‘ஒரு பெண், அவள் என்ன செய்தாள்?’ என்று வாதாடினார்கள்.

கேள்வி: நான் படித்ததில் அவள் விடுதலையானாள்!

பழைய மொழிபெயர்ப்பு அப்படித்தான் சொன்னது. பிந்தைய வாசிப்பில் சபை அவளையும் குற்றவாளி என்கிறது; கொன்றவர்கள் குற்றத்தைவிட அவள் குற்றம் பெரியது என்கிறது. எந்தப் பதிப்பு என்று பார்த்துவிட்டுப் படியுங்கள்.

கேள்வி: சும்மா இருந்தது கொலையைவிடப் பெரிய குற்றமா? பயந்திருக்கலாமே?

எனக்கும் அந்த இருவர் பக்கம்தான் மனம் போகிறது. மூன்று கொலைகாரர்கள் வாசலில் நிற்கும்போது அவள் யாரிடம் ஓடுவாள்? ஆனால் சபை வேறு விதமாக யோசித்தது: கணவனை மதிக்காதவள் அவன் எதிரியை அறிந்திருப்பாள், அவள் காட்டிக்கொடுத்திருக்கலாம் என்று. ஆதாரம் காட்டவில்லை, அனுமானித்தார்கள். அங்கேதான் எனக்குச் சம்மதமில்லை. ஆனாலும் இரண்டு சாமானியர்களின் மறுப்பைக் களிமண்ணில் எழுதி வைத்தார்களே, அது பெரிய விஷயம்.

கேள்வி: ஹமுராபிக்கு முன் சட்டமே கிடையாதாமே?

முதல் பதிலைப் படியுங்கள். இதே கேள்வி இன்னும் நான்கு வந்திருக்கிறது; எல்லாவற்றுக்கும் அதுவே பதில்.

கேள்வி: மோசேயின் சட்டம் இதிலிருந்து வந்ததா?

எபிரேயம் படித்தவரிடம் கேளுங்கள். என் துறை ஆப்பெழுத்து, அதாவது மெசபடோமியர் களிமண் பலகையில் எழுதிய ஆப்பு வடிவ எழுத்து.

கேள்வி: ஏழை விவசாயிக்கு இதில் ஏதாவது உண்டா?

உண்டு. ஹமுராபியின் 117ஆம் விதிப்படி, கடனுக்காக அடகு போன மனைவி மக்கள் மூன்று ஆண்டு உழைத்தால் போதும், நான்காம் ஆண்டு விடுதலை. 48ஆம் விதி இன்னும் அழகு. வெள்ளம் வயலை அழித்தாலோ தண்ணீரில்லாமல் பயிர் கருகினாலோ அந்த ஆண்டு தானியம் தர வேண்டாம், வட்டியும் இல்லை. கடனாளி தன் ‘பலகையை நனைக்கலாம்’ என்கிறது சட்டம். கடன் பத்திரம் களிமண் அல்லவா. நனைத்தால் எழுத்தை மாற்றி எழுதலாம்.