எலும்பு கூடிவிட்டது, வானிலிருந்து குதிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. நான்கு மாதங்களுக்கு முன் வலது பாதம் மடங்கி விழுந்ததில் கணுக்காலின் வெளிப்பக்க எலும்பு முறிந்து, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறேன். மாலையில் லேசாக வீங்குகிறது. படி இறங்கும்போது இறுக்கமாக இருக்கிறது. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் எலும்பு கூடிவிட்டது என்றார். விபத்துக்கு முன்பே பதிவு செய்த ஸ்கைடைவிங் இன்னும் மூன்று வாரத்தில் வருகிறது. பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கும் டேண்டம் முறைதான். போகலாமா?

பதில்: மூன்று வாரத்தில் வேண்டாம். தேதியைத் தள்ளிப்போடுங்கள். எலும்பு கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகும் ஏன் தடுக்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றும் என்பதால், காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முறிந்த எலும்பு ஒட்டிக்கொள்வது ஒரு கட்டம். தன்மீது விழும் பளுவுக்கேற்ப அது தன்னைத் திருத்தி அமைத்துக்கொண்டு பழைய உறுதியைப் பெறுவது வேறொரு கட்டம், அதற்குப் பல மாதங்கள் ஆகும். உங்கள் மருத்துவர் சொன்னது நடப்பதற்கும் அன்றாட வேலைக்கும் அந்த எலும்பு தாங்கும் என்ற பொருளில்தான் இருக்கும். பிளேட் இருப்பதால் கூடுதல் பலம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பலமாக அடிபடும்போது விறைப்பான உலோகம் முடிந்து எலும்பு மட்டும் தொடங்கும் இடத்தில் அழுத்தம் குவிகிறது. அதற்காகப் பிளேட்டை எடுத்துவிட்டுக் குதிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம், ஸ்க்ரூ இருந்த துளைகள் நிரம்பும்வரை அந்த எலும்பு இன்னும் பலவீனமாகவே இருக்கும்.

உண்மையில் எலும்பைவிட என்னை யோசிக்க வைப்பது நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் அந்தப் படி இறங்கும் இறுக்கம்தான். படி இறங்கும்போது மேல்படியில் ஊன்றியிருக்கும் காலின் கணுக்கால் நன்றாக முன்னோக்கி மடங்க வேண்டும். அது மடங்கவில்லை என்றால் மூட்டின் அசைவும் ஆடுசதையின் வலுவும் இன்னும் திரும்பவில்லை என்று பொருள். பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைப் பார்க்காமலே உணர்ந்து, அது புரளும் முன் தசைகளை இறுக்கும் திறனும் இத்தகைய காயத்துக்குப் பின் மந்தமாகிவிடுகிறது, அதை எந்த எக்ஸ்ரேவும் காட்டாது.

இனி குதிப்பதைப் பார்ப்போம். மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் விழும் அந்த ஒரு நிமிடம்தான் எல்லோருக்கும் அச்சம் தரும் பகுதி, ஆனால் கணுக்காலுக்கு அதில் பெரிய வேலை இல்லை. பாராசூட் விரியும்போது ஏற்படும் உலுக்கலையும் தொடைப் பட்டைகளே பெரும்பாலும் ஏற்றுக்கொள்கின்றன. ஆபத்து தரையிறங்கும் கடைசிச் சில நொடிகளில் இருக்கிறது. டேண்டம் முறையில் உங்கள் இரு கால்களையும் முன்னால் நீட்டித் தூக்கிப் பிடிக்கச் சொல்வார்கள். எல்லாம் சரியாக அமைந்தால் உங்கள் பாதம் தரையில் ஊன்றாமலே உட்கார்ந்த நிலையில் சறுக்கி இறங்கிவிடலாம். காற்று திடீரென மாறினாலோ, பயிற்றுநர் பாராசூட்டை இழுத்து வேகத்தைக் குறைக்கும் நேரம் சற்றுத் தப்பினாலோ, களைப்பில் உங்கள் கால் தாழ்ந்தாலோ, இரண்டு பேரின் எடையும் முன்னோக்கிய வேகமும் சேர்ந்து தள்ள, தரையில் மாட்டிய பாதம் முறுக்கிக்கொள்ளும். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கீழிறங்கித் தரையைத் தொடுவது ஏறத்தாழ 1.3 மீட்டர் உயரத்திலிருந்து குதிப்பதற்குச் சமம். இன்று அந்த உயரத்திலிருந்து குதிக்கச் சொன்னால் நீங்களே தயங்குவீர்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆவதற்கு முன் இதற்கு நான் சம்மதிப்பதில்லை. அதற்குப் பிறகும் நாள்காட்டியைவிடக் காலைத்தான் நம்புவேன். வலது காலில் மட்டும் நின்று குதிகாலை இருபது, இருபத்தைந்து முறை தொடர்ந்து உயர்த்த முடிய வேண்டும். ஒற்றைக் காலில் தாவும் தூரம் இடது காலின் தூரத்தில் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். மறுநாள் வீக்கமோ வலியோ கூடக் கூடாது. இந்தச் சோதனைகளைத் தனியே செய்து பார்க்காமல் பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் செய்யுங்கள்.

மாலை வீக்கம் இரவு படுத்து எழுந்ததும் வடிந்துவிட்டால் அது இந்தக் கட்டத்தில் வழக்கமானதுதான். ஆடுசதை வலியோடும் சூட்டோடும் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அது இரத்தக்குழாய்க்குள் இரத்தம் உறைந்ததாக இருக்கலாம், ஆகவே அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் வரை குதிக்கும் பேச்சே வேண்டாம். குதிக்கும் நாளன்று வலி மாத்திரை போட்டுக்கொண்டு சமாளிப்பதும் தவறு. அது எச்சரிக்கை மணியின் வாயை அடைப்பது மட்டுமே.

குதிக்கும் முன் நிரப்பித் தரும் உடல்நலப் படிவத்தில் இந்தக் காயத்தை மறைக்காதீர்கள். கடைசி நொடியில் உங்கள் கால் தாழ்ந்தால் உங்களோடு கட்டப்பட்டிருப்பவரும் சேர்ந்தே விழுவார். அடுத்த முறை அறுவை சிகிச்சை செய்த மருத்துவரைப் பார்க்கும்போது "விளையாடலாமா?" என்று பொதுவாகக் கேட்காமல், "ஓர் ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான இடத்திலிருந்து இந்தக் கால் மோசமாகத் தரையில் ஊன்றினால் தாங்குமா?" என்று கேளுங்கள்.