ரிப்போர்ட் எல்லாம் நார்மல், வயிறு மட்டும் கேட்பதில்லை

கேள்வி: இரண்டு வருடமாக வெளியே கிளம்பும் நேரம் பார்த்து வயிற்றைப் பிசைகிறது, மூன்று தடவையாவது ஓட வேண்டியிருக்கிறது. அப்புறம் நாலு நாள் மலச்சிக்கல். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கொலனோஸ்கோபி எல்லாமே நார்மல். ‘ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், குடல் எரிச்சல் நோய்), டென்ஷனைக் குறைங்க’ என்று டாக்டர் அனுப்பிவிட்டார். வீட்டிலோ மனப்பிரமை என்கிறார்கள். எனக்கு நோய் இருக்கிறதா, இல்லையா?
- பெயர் போட விரும்பாத வாசகி

பதில்: இருக்கிறது. ஸ்கேனும் கொலனோஸ்கோபியும் புண், கட்டி, அழற்சி இருந்தால் காட்டும். குடல் எப்படி வேலை செய்கிறது என்பது அவற்றில் தெரியாது. உங்கள் கோளாறு அங்கேதான். குடல் சுருங்கி விரியும் வேகம் தாறுமாறாகிறது, குடல் நரம்புகளும் தேவைக்கு மேல் உஷாராக இருக்கின்றன, அதனால் மற்றவர்களுக்குத் தெரியாமலே போகிற கொஞ்சம் வாயுகூட உங்களுக்கு வலியாகத் தெரிகிறது. மூளையும் குடலும் நரம்பு வழியாக ஓயாமல் பேசிக்கொள்வதால் டென்ஷன் இதைக் கிளறிவிடும், உண்மைதான். ஆனால் சிலருக்கு ஒரு மோசமான வயிற்றுப்போக்கு வந்து போன பிறகே இது ஆரம்பிக்கிறது. ‘டென்ஷனைக் குறைங்க’ என்பதோடு வைத்தியம் முடிந்துவிடாது.

திரும்பப் போய்ப் பாருங்கள், வேண்டுமானால் வேறு ஒருவரிடம். ‘வயிறு சரியில்லை’ என்று மொட்டையாகச் சொல்லாமல் இரண்டு வாரம் குறித்து எடுத்துப் போங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், வலி எப்போது வந்தது, மலம் போனதும் குறைந்ததா, கூடியதா, மலம் கெட்டியா தண்ணீரா. கூச்சமாகத்தான் இருக்கும், ஆனால் மலத்தை 7 வகையாகப் பிரிக்கும் பிரிஸ்டல் அட்டவணை என்றே ஒன்று மருத்துவர்களிடம் இருக்கிறது, எண்ணைச் சொன்னால் போதும்.

சாப்பாட்டில் நிறைய பேர் செய்கிற தப்பு, ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போய் கடைசியில் சாப்பிட ஒன்றும் இல்லாமல் நிற்பது. வெங்காயம், பூண்டு, பால், கோதுமை என்று வாயு கிளப்புகிற சர்க்கரை வகைகள் உள்ள பொருட்களைக் குறைக்கும் ‘லோ ஃபாட்மேப்’ முறையே 4 முதல் 6 வாரத்துக்குத்தான். அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். உணவியல் நிபுணர் உதவியோடு செய்தால் நல்லது. இசப்கோல் போன்ற கரையும் நார்ச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம், தவிடு பலருக்கு உப்புசத்தைத்தான் கூட்டும்.

வலிக்கும், போக்குக்கும், சிக்கலுக்கும் தனித்தனி மருந்துகள் உண்டு. மனச்சோர்வுக்கான மாத்திரையை மிகக் குறைந்த அளவில் டாக்டர் எழுதினால் கோபித்துக்கொள்ளாதீர்கள், அது குடல் நரம்பின் வலியுணர்வைத் தணிக்க.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது போக்கு, குடும்பத்தில் குடல் புற்றுநோய், 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தொந்தரவு - இதில் ஒன்று இருந்தாலும் ஐ.பி.எஸ். என்று நினைத்து உட்கார்ந்திருக்கக் கூடாது. ஐ.பி.எஸ். புற்றுநோயாக மாறாது, அந்தப் பயம் வேண்டாம்.

கேள்வி: கோதுமையை நிறுத்தியதும் வயிறு சரியாகிவிட்டது. இனி சீலியாக் பரிசோதனை தேவையா?
- இன்னொரு வாசகர்

பதில்: தேவை, ஆனால் இப்போதே ஓடாதீர்கள். சீலியாக் என்பது கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய். குளூட்டனை நிறுத்திய பிறகு பரிசோதனை எடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். எத்தனை வாரம் திரும்பச் சாப்பிட்டுவிட்டு எடுக்கலாம் என்று டாக்டரைக் கேளுங்கள். கோதுமையில் குளூட்டன் தவிர ஃப்ரக்டன் என்ற சர்க்கரையும் இருக்கிறது, ஐ.பி.எஸ். உள்ள பலருக்கு உப்புசம் தருவது அதுதான்.