‘அப்படித்தான் இருக்கும் சார்’ என்றால் எழுதிக் கொடுக்கட்டும்

நுகர்வோர் கேள்வி–பதில்

இந்த வாரம் பெரிய பைக்குகளின் முறை. சத்தம், சூடு, அதிர்வு என்று குவிந்த கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: கவாஸாகி இஸட்900 வாங்கி ஒரு மாதம் ஆகிறது. சிக்னலில் நிற்கும்போது முதல் கியரிலிருந்து மேலே தூக்கினால் நியூட்ரலோடு நின்றுவிடுகிறது. இரண்டாவது கியர் விழுவதே இல்லை. கியர் பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறார் தெரிந்த மெக்கானிக். — வாசகர், திருச்சி

பதில்: பிரிக்க விடாதீர்கள். கவாஸாகி தன் வண்டிகள் பலவற்றில் வேண்டுமென்றே வைத்திருக்கும் ஏற்பாடு அது. கியர் தண்டின் மேல் நகரும் பல்சக்கரம் ஒன்றுக்குள் சிறிய எஃகுக் குண்டுகள் இருக்கின்றன. வண்டி நிற்கும்போது தண்டு சுழல்வதில்லை. மேல்பக்கம் இருக்கும் குண்டு தன் எடையால் கீழே இறங்கிப் பள்ளத்தில் உட்கார்ந்து, சக்கரம் இரண்டாவது கியருக்கு நகர்வதைத் தடுக்கிறது. வண்டி உருளத் தொடங்கியதும் சுழற்சியில் குண்டுகள் வெளிப்பக்கம் ஒதுங்கி வழிவிடுகின்றன. சிக்னலில் நியூட்ரலைத் தேடித் தவிக்காமல் இருப்பதற்காகச் செய்தது. ஓடும்போதும் இரண்டாவது விழவில்லை என்றால் மட்டும் ஷோரூமுக்குப் போங்கள். அந்த மெக்கானிக்கிடம் வேறு வண்டிகளைக் கொடுங்கள்; இதைக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: முதல் கியர் போட்டதும் இன்ஜின் அணைந்துவிடுகிறது. நியூட்ரலில் நன்றாக ஓடுகிறது. — வாசகர், ஓசூர்

பதில்: சைடு ஸ்டாண்டை முழுதாக மடக்கிவிட்டுப் போடுங்கள். அதன் பிறகும் அணைந்தால் ஸ்டாண்டு சுவிட்ச்சில் சேறு அடைத்திருக்கும்.

கேள்வி: வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு தினமும் வேலைக்குப் போய்வர 1000 சிசி பைக் வாங்கினேன். பத்து நிமிடம் நெரிசலில் நின்றால் ஃபேன் ஓடத் தொடங்குகிறது. தொடை வெந்துபோகிறது. நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஓடுகிறது. வண்டியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? — வாசகர், சென்னை

பதில்: முடியாது. இதில் பழுது எதுவும் இல்லை. எரியும் பெட்ரோலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்தும் சக்தியாகிறது. மீதி அத்தனையும் வெப்பம். ரேடியேட்டரைக் குளிரவைக்க வேண்டிய காற்று, வண்டி ஓடினால்தான் வரும். நின்ற இடத்தில் அந்த வேலையை ஃபேன் செய்கிறது. அது தள்ளும் சூடான காற்றுக்கு உங்கள் கால்கள்தான் வழி. இன்ஜினைக் குளிரவைக்கும் திரவமான கூலண்ட் 100 டிகிரியை ஒட்டிப் போவதும் இறங்குவதும் நெரிசலில் சகஜம். அழுத்தத்தில் மூடப்பட்டிருப்பதால் அந்தச் சூட்டிலும் அது கொதிக்காது. சாவியை எடுத்த பிறகு ஃபேன் ஓடுவதும் சில மாடல்களில் உள்ளதுதான்.

கவலைப்பட வேண்டியது வேறு: ஃபேன் ஓடியும் சூடு ஏறிக்கொண்டே போவது, எச்சரிக்கை விளக்கு எரிவது, கூலண்ட் கலத்தில் அளவு வாரத்துக்கு வாரம் குறைவது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள்.

வாங்குவதற்கு முன், மே மாத மதியத்தில் இதே பாதையில் ஓட்டிப் பார்க்கக் கேட்டிருக்க வேண்டும். பதினைந்து லட்சத்துக்கு மேல் கொடுக்கிறவருக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது. தர மறுக்கும் ஷோரூமில் வாங்காமல் இருக்கும் உரிமையும் இருக்கிறது. பட்டியலில் குதிரைத்திறனை மட்டும் பார்த்து முன்பணம் கட்டிவிட்டு எனக்கு எழுதுகிறவர்கள் மாதத்துக்கு மாதம் கூடுகிறார்கள். நான் அவர்களுக்கு என்ன செய்ய முடியும்?

கேள்வி: சாவியைத் திருப்பியதும் ‘உய்ங்’ என்று ஒரு சத்தம், பிறகு சைலன்சர் பக்கம் இன்னொன்று. கிளம்பி ஐந்தாறு அடி போவதற்குள் ‘டிக்’ என்று ஒன்று. மூன்றும் தினமும் வருகின்றன. — வாசகர், ஈரோடு

பதில்: மூன்றும் இயல்பு. முதலாவது, பெட்ரோல் பம்ப் அழுத்தம் ஏற்றுவது. இரண்டு மூன்று விநாடியில் நிற்க வேண்டும். இரண்டாவது, புகைக்குழாயில் இருக்கும் வால்வை ஒரு சிறிய மோட்டார் முழுதாகத் திறந்து மூடிச் சோதிப்பது. யமஹா 1980களில் கொண்டுவந்த இந்த வால்வு இன்று பல நிறுவனங்களின் வண்டிகளில் இருக்கிறது. மூன்றாவது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் தன்னைத்தானே சோதித்துக்கொள்வது. அந்தச் சோதனை முடிந்து சிறிது தூரம் போன பிறகும் ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் அன்றே காட்டுங்கள்.

கேள்வி: எட்டாவது மாதத்தில் இன்ஜினின் மேற்பகுதியில் ‘கடகட’வென்று சத்தம் தொடங்கியது. அப்போது காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி மட்டும். அடுத்தடுத்த மூன்று சர்வீஸிலும் சொன்னேன். “பவர் உள்ள பைக், அப்படித்தான் இருக்கும் சார்” என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது சூடான பிறகும் கேட்கிறது. உத்தரவாதம் முடிந்து மூன்று வாரம்தான் ஆகிறது. கேம் செயின், டென்ஷனர் மாற்ற 38,000 ரூபாய் கேட்கிறார்கள். — வாசகி, மதுரை

பதில்: அம்மா, நீங்கள் செய்யவேண்டியதை எல்லாம் செய்திருக்கிறீர்கள். உரிய காலத்தில் மூன்று முறை சொல்லியிருக்கிறீர்கள். ஏமாற்றப்பட்டது நீங்கள்தான்.

வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டை ஒரு சங்கிலி சுழற்றுகிறது. அது தொய்யாமல் பிடித்துக்கொள்வது டென்ஷனர். ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் டென்ஷனராக இருந்தால், இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் மேலே ஏறும்வரை ஓரிரு விநாடி சத்தம் வரும். அதுவரை ஷோரூம் சொன்னது சரியாக இருக்கலாம். நாள் போகப் போக அந்தச் சத்தம் நீள்வதும், சூடான இன்ஜினிலும் கேட்பதும் தேய்மானத்தின் அடையாளம். தொய்ந்த சங்கிலி ஒரு பல் தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதும். பிறகு 38,000 போதாது. ஆகவே பழுது நீங்கும்வரை அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.

இனி, பல வருடங்களாக நான் சொல்லிவரும் விஷயம். இயல்பான சத்தத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதே சூட்டில், அதே ஆர்பிஎம்மில் (இன்ஜின் சுற்றும் வேகத்தில்), அதே அளவில் வரும். அதே மாடல் வண்டி இன்னொன்றை அருகில் நிறுத்தி ஸ்டார்ட் செய்தால் அதிலும் வரும். போன மாதம் இல்லாமல் இந்த மாதம் வருவதும், வாரத்துக்கு வாரம் கூடுவதும் இயல்பு அல்ல. இந்த வேறுபாடு ஷோரூமில் வேலை செய்கிறவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் “அப்படித்தான் இருக்கும்” என்று வாயால் சொல்லி அனுப்புகிறார்கள். வண்டியை சர்வீஸுக்கு விடும்போது எழுதும் ஜாப் கார்டில் குறித்தால் உத்தரவாதக் காலத்துக்குள் வந்த புகாராக அது பதிவாகிவிடும். பதிவானால் செலவு அவர்களுடையது. அதனால்தான் அந்தத் தாளில் உங்கள் புகாருக்கான இடத்தில் ‘ஜெனரல் செக்கப்’ என்று மட்டும் எழுதுகிறார்கள். உங்கள் பழைய ஜாப் கார்டுகளை எடுத்துப் பாருங்கள், அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

எனவே வண்டியை விடும்போது பேனாவை நீங்கள் வாங்குங்கள். “குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்ததும், இன்ஜினின் இடது மேற்பகுதியில், இத்தனை விநாடி, இத்தனை ஆர்பிஎம்மில்” என்று உங்கள் சொற்களில் எழுதுங்கள். ஓடிய கிலோமீட்டரையும் குறியுங்கள். மீட்டர் தெரியும்படி கைபேசியில் ஒலியோடு படம் எடுத்து அன்றே ஷோரூமுக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். வண்டியைத் திருப்பித் தரும்போது ‘இது இயல்பானது’ என்றால், அதையே எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். உண்மையிலேயே இயல்பு என்றால் எழுதித் தருவதில் அவர்களுக்கு என்ன தயக்கம்?

நீட்டித்த உத்தரவாதம் வாங்கியிருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். நான் ஒரு பைக்குக்குப் பணம் கட்டி வாங்கியதில் செயின், ஸ்ப்ராக்கெட், கிளட்ச் தட்டுகள், டென்ஷனர் எல்லாம் ‘தேய்மானப் பொருள்கள்’ என்று விலக்கப்பட்டிருந்தன. சத்தம் எழுப்பக்கூடியது எதுவுமே அதில் அடங்கவில்லை. விற்கும்போது அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டவில்லை. பணம் வாங்கிய பிறகுதான் தாள் கைக்கு வந்தது.

உங்களுக்கு இன்னும் வழி இருக்கிறது. அந்த மூன்று சர்வீஸ் தேதிகளில் ஷோரூமுக்குப் போன வாட்ஸ்அப் செய்தி, அழைப்புப் பதிவு எது இருந்தாலும் திரட்டுங்கள். உத்தரவாதம் இருக்கும்போதே புகார் சொன்னீர்கள் என்பதை நிலைநாட்டினால் போதும், பழுது அப்போதே இருந்தது என்று வாதிடலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதியுங்கள். ஷோரூமுக்கும் நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். நிறுவனத்தின் தலைமையகம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் கட்டாயமில்லை. அவர்கள் மாற்றும்போது கழற்றிப் போடும் பழைய செயினையும் டென்ஷனரையும் அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள், அவைதான் சான்று. ஆணையம் அவற்றை நிபுணர் ஆய்வுக்கு அனுப்ப முடியும். ஆணை வந்ததும் எனக்கு எழுதுங்கள், வெளியிடுகிறேன்.

கேள்வி: வெளியில் வாங்கிய சைலன்சர் மாற்றினேன். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் வெடி வெடிக்கிறது. போலீஸ் அபராதம் போட்டது. ஷோரூம் உத்தரவாதம் கிடையாது என்கிறது. யார் மேல் வழக்குப் போடலாம்? — வாசகர், சேலம்

பதில்: யார் மேலும் போட முடியாது. புகையில் எரியாமல் மிஞ்சும் பெட்ரோலை எரிக்க, புகைத்துளைக்குள் புதுக் காற்றை விடும் ஏற்பாடு பெரும்பாலான வண்டிகளில் இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை விடும்போது குழாயில் லேசான பொரிச் சத்தம் கேட்பது அதனால்தான். கம்பெனி சைலன்சர் அதை அடக்கி வைத்திருந்தது. அதை நீங்கள் கழற்றிவிட்டீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி ஒலி அளவை மீறும் வண்டிக்கு 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. பழைய சைலன்சரை மாட்டுங்கள். முகப்பு விளக்கு போன்ற தொடர்பில்லாத பழுதுக்கும் உத்தரவாதத்தை மறுத்தால் மட்டும், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு எனக்கு அனுப்புங்கள்.

கேள்வி: பழைய டுகாட்டி ஹைப்பர்மோட்டார்ட் 1100 வாங்கியிருக்கிறேன். கிளட்ச்சைப் பிடித்தால் வலது பக்கம் தகரத் தட்டுகளைக் குலுக்குவது போல் சத்தம். தெருவே திரும்பிப் பார்க்கிறது. — வாசகர், கோவை

பதில்: நல்ல வண்டி வாங்கியிருக்கிறீர்கள். அதன் கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருப்பதில்லை, உலர்ந்தது. பிடியை அழுத்தியதும் விடுபடும் தட்டுகள், அவற்றைத் தாங்கும் கூடையின் விரல்களுக்கு நடுவே ஆடி மோதுகின்றன. அடக்குவதற்கு ஆயில் இல்லை. பிடியை விட்டதும் சத்தம் குறைந்தால் இயல்பே. மூடியைக் கழற்றி, தட்டின் காதுகள் படும் இடத்தில் கூடையின் விரல்களை விரல்நுனியால் தடவிப் பாருங்கள். பள்ளம் விழுந்து நகம் மாட்டினால் கூடை தேய்ந்துவிட்டது. கிளம்பும்போது வண்டி இழுத்து இழுத்துப் போகும். அப்போது கூடையையும் தட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது அதைத் தின்றுவிடும்.

கேள்வி: காருக்கு ஊற்றும் விலை உயர்ந்த ஆயிலை பைக்கிலும் ஊற்றினேன். இப்போது இன்ஜின் கத்துகிறது, வண்டி போவதில்லை. — வாசகர், நாகர்கோவில்

பதில்: கிளட்ச் வழுக்குகிறது. பைக் கிளட்ச்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 தரக்குறி அச்சிட்ட ஆயில் டப்பா தவிர வேறெதையும் பைக் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஆயிலை மாற்றிய பிறகும் வழுக்கினால் தட்டுகளை மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: புதுச்சேரி பதிவெண் கொண்ட 1000 சிசி பைக்கை ஒரு வியாபாரியிடம் 7 லட்சம் முழுதாகக் கொடுத்து வாங்கினேன். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருக்கிறது. “என்.ஓ.சி. அடுத்த வாரம்” என்று நான்கு மாதமாகச் சொல்கிறார். டயர் புதிதாகத் தெரிந்தாலும் மழையில் வழுக்குகிறது. — வாசகர், விழுப்புரம்

பதில்: கடன் தீராத வண்டிக்கு முழுப் பணத்தையும் எப்படிக் கொடுத்தீர்கள்? கடன் தீர்ந்தது என்று வங்கி கையெழுத்திட்ட படிவம் 35 கைக்கு வரும்வரை அந்த வண்டியின் மேல் வங்கிக்கு உரிமை இருக்கிறது. அது வந்து எடுத்துக்கொண்டு போகலாம். பிற மாநிலத்துக்கு மாற்ற படிவம் 28, பெயர் மாற்ற 29, 30. இவை நான்கும் மேசைமேல் இருந்த பிறகுதான் பணம் எண்ண வேண்டும். அதோடு, வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்து சாலை வரி கட்ட வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தால் உங்களுக்குக் கிடைத்த ‘மலிவு விலை’ மலிவு அல்ல.

திட்டியது போதும். விற்றவர் வியாபாரி என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக உங்களுக்கு வழி இருக்கிறது. தனிநபராக இருந்தால் அதுவும் இல்லை. பணம் கொடுத்ததற்கான வங்கிப் பதிவோடு இந்த வாரமே நோட்டீஸ் அனுப்புங்கள். கடனை மறைத்து விற்றிருந்தால் போலீஸிலும் புகார் கொடுங்கள்.

டயரின் பக்கவாட்டில், நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2418 என்றால் 2018-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரம் செய்தது. எனக்கும் ஒரு வியாபாரி பழைய நான்கு சிலிண்டர் பைக் ஒன்றை விற்றார். டயரில் பள்ளங்கள் ஆழமாக இருந்தன, கறுப்புப் பூச்சில் பளபளத்தது. தேதி இருந்த பக்கத்தைச் சுவரோரம் திருப்பி நிறுத்தியிருந்தார். ரப்பர் இறுகிக் கட்டையாகிப் போயிருந்தது. இரண்டு டயரையும் மாற்றியதில் பேரம் பேசிக் குறைத்த பணம் முழுதும் போயிற்று. நீங்களும் டயரை மாற்றாமல் அடுத்த மழையில் வண்டியை எடுக்காதீர்கள்.

கேள்வி: வண்டியைக் கழுவிய மறுநாள் முன் பிரேக் கீச்சிடுகிறது. டிஸ்க்கில் பழுப்பாகத் துரு. டிஸ்க்கைக் கையால் பிடித்து அசைத்தால் லேசாக ஆடுகிறது. — வாசகர், தூத்துக்குடி

பதில்: துரு மேலாகப் படிந்தது, நான்கைந்து முறை மெதுவாகப் பிரேக் பிடித்தால் போய்விடும், கீச்சொலியும் அடங்கும். கடற்கரை ஊரில் ஓரிரவே போதும் அதற்கு. ஆடுவது, சூட்டில் விரிவதற்கு இடம்விட்டு மிதக்கும்படி பொருத்திய டிஸ்க்; அந்த வகையில் லேசான ஆட்டம் இருக்கத்தான் செய்யும். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடில் எவ்வளவு தடிமன் மிச்சமிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கீச்சொலி போய், உலோகத்தோடு உலோகம் உரசும் கரகரப்பு கேட்டால் பேட் தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் ஓட்ட வேண்டாம், வண்டியை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லி ஷோரூமுக்கு போன் செய்யுங்கள்.